ஆடியில் வந்திறங்கி ஆவணிக் கல்யாணத்துக்குள் பல் வெளுக்க

லண்டனில் பள்ளி விடுமுறை விட்டதும் ஜூலைக் கடைசியில் கிளம்பினால், ஊரில் ஆடி நடந்துகொண்டிருக்கும். கல்யாணமெல்லாம் ஆவணி பிறந்த பிறகுதான், அதாவது ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி. நடுவில் கிடைக்கும் அந்த மூன்று வாரம் பல் வேலைக்கென்றே அமைந்தது. நாமோ அதைத் துணிக்கடைக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் செலவழித்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முதல்நாள் பல் டாக்டரிடம் போய் உட்காருகிறோம். போன தடவை நானும் அதைத்தான் செய்தேன். மறுநாள் பந்தியில் ஐஸ்கிரீமைத் தொட முடியவில்லை. வாயைத் திறந்து மூச்சு இழுத்தாலே முன்பல் சுரீரென்றது. போட்டோவில் பல் வெள்ளைதான், முகம்தான் அழுதுகொண்டிருக்கிறது.

அதனால், வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். முதலில் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. காபி, டீ, வெற்றிலை, சிகரெட் கறையெல்லாம் பல்லின் மேலே ஒட்டியிருப்பவை. சுத்தம் செய்து பாலிஷ் போட்டாலே போய்விடும். பலருக்கு இதற்குமேல் தேவையே இருக்காது. 'சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்' என்று வீட்டில் ஒருவராவது சொல்வார்கள். காரை பிடித்து ஈறு ஏற்கெனவே இறங்கிப்போன பல்லைத்தான் அந்தக் காரை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ள நிலைமை தெரிகிறது, அவ்வளவுதான்.

பல்லே மஞ்சளாக இருந்தால்தான் ப்ளீச்சிங். ஜெல்லில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, பல்லின் கெட்டியான மேலோடான எனாமலுக்குள் ஊடுருவி நிறமிகளை உடைக்கிறது. பிரிட்டனில் இது 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம். இந்தியாவில் கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்ய 35, 40 சதவீத ஜெல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். 'லண்டனில் செய்தபோது ஒன்றும் ஆகவில்லையே' என்ற கணக்கு இங்கே உதவாது. பல் கூசும் வழக்கம் உள்ளவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவது நல்லது.

நாற்காலியில் நடப்பது இதுதான். கன்னத்தை விலக்க ஒரு பிளாஸ்டிக் வளையம், கண்ணுக்குக் கண்ணாடி. ஈறின் ஓரம் முழுக்க நீல நிறத்தில் ஒரு பசையைத் தடவி, விளக்குக் காட்டி இறுகச் செய்கிறார்கள். இந்த வேலையை அவசரப்படாமல் செய்கிறாரா என்று பாருங்கள். ஜெல் ஈறில் கசிந்தால் அந்த இடம் வெளுத்து எரியும். அப்புறம் ஜெல்லைப் பூசி, துடைத்து, மறுபடி பூசி, எல்லாமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லேசர், நீல விளக்கு என்று தனிக் கட்டணம் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். வேலை செய்வது ஜெல். விளக்கால் நீடித்த பலன் பெரிதாக இல்லை. ஆடித் தள்ளுபடி பல்லுக்கும் வந்துவிட்டது என்பதால் இதைச் சொல்கிறேன். ஜெல் சிரிஞ்சின் காலாவதித் தேதியைக் காட்டச் சொல்லுங்கள், தவறில்லை.

எழுந்ததும் தெரியும் வெண்மையில் கொஞ்சம் பல் காய்ந்துபோனதால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு படி இறங்கித்தான் நிலைக்கும். ஊருக்கு வந்த கையோடு கேப்பும் போட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேப், அடைத்த இடம் எதுவும் ப்ளீச்சிங்கில் வெளுக்காது. முதலில் வெளுத்து, இரண்டு வாரம் விட்டு, அந்த நிறத்துக்கு ஏற்பக் கேப் செய்யச் சொல்லுங்கள். வரிசை மாறினால் நடுவில் ஒரு மஞ்சள் பல் நிற்கும்.

என் கதை வேறு. பென்னாகரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். சுமார் எட்டு வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில் அது போய்ச் சேர்ந்தால் எனாமலிலேயே வெள்ளையும் பழுப்புமாகத் திட்டு விழுந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. எங்கள் வயதுக்காரர்களின் பல்லுக்கு அது ரொம்பத் தாமதம். இந்தக் கறையில் வெறும் ப்ளீச்சிங் செய்தால் வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் ஆனது. அன்று பார்த்த டாக்டர் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. இந்தத் தடவை சேலத்தில் காட்டினேன். வாயைத் திறந்ததுமே, 'தருமபுரியா?' என்றார். அமிலம் கலந்த பசையால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், அதன்பின் ப்ளீச்சிங். பழுப்பு பெரும்பாலும் போய்விட்டது. எடுத்த எடுப்பில் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) போடலாம் என்பவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். அதற்காகச் சீவிய எனாமல் திரும்ப வளராது.

செய்த பிறகு இரண்டு நாள் நிறமான எதுவும் ஆகாது. சாம்பார், ரசம், மஞ்சள் போட்ட குழம்பு, காபி, பீட்ரூட் எல்லாம் விலக்கு. கஷ்டமாகத் தோன்றும், ஆனால் இட்லி, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், தயிர்சாதம் உள்ள ஊரில் இது ஒரு பத்தியமா? கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சில நாளில் அடங்கிவிடும்.

அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீர்கள். பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். மொத்தத் தொகையில் ஸ்கேலிங் சேர்ந்ததா என்பதை முன்பே கேளுங்கள். ரசீதையும் எக்ஸ்ரேயையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டால் லண்டன் டாக்டரிடம் காட்ட உதவும்.

உங்கள் பல்லுக்கு அச்செடுத்து, ஜெல்லை இட்டுப் பல்லில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையான ஒரு ட்ரே செய்து வாங்கிவருவதும் நல்ல யோசனை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நிறம் மங்கினால், அங்கே டாக்டரிடம் ஜெல் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ட்ரேயைக் கைப்பையில் வையுங்கள். என் முதல் ட்ரேயைக் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் பென்னாகரத்தில் இளநீர் குடிக்க இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் கோணலாக வளைந்து கிடந்தது.