மெதுவாகப் பறந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம்

சிறிய விமானத்தில் நெடுந்தூரம் போகும்போது, இடையில் ஒரு முறை இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தால், க்ரூஸ் பவரை (உயரம் பிடித்தபின் சீராகப் பறக்கும்போது எஞ்சினுக்குக் கொடுக்கும் சக்தியை) 75 சதவீதத்திலிருந்து 60 சதவீத அளவுக்குக் குறைத்து, மிக்சரை (எஞ்சினுக்குள் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையை) விமானத்தின் கையேடு சொல்கிறபடி லீன் செய்து, அதாவது அதில் எரிபொருளின் பங்கைக் குறைத்து, கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். பல நேரம் அந்த நிறுத்தமே தேவைப்படாது.

காரணம் எளிது. வேகம் கூடக்கூட காற்றின் தடை மளமளவென்று ஏறும். கடைசிப் பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குத்தான் எரிபொருள் கொள்ளையாகப் போகிறது. உதாரணமாக 540 கடல் மைல் தூரம்: 120 நாட் வேகத்தில் நாலரை மணி நேரம், மணிக்கு 38 லிட்டர் வீதம் 171 லிட்டர். 108 நாட்டில் 5 மணி நேரம், மணிக்கு 30 லிட்டர் வீதம் 150 லிட்டர்தான். இழப்பது அரை மணி நேரம். ஆனால் கீழே இறங்கி, டாக்சி செய்து (தரையில் ஓட்டிப் போய்), நிரப்பி, மறுபடி உயரம் பிடிக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. மேலே ஏற ஆகும் எரிபொருளைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எதிர்காற்று பலமாக இருந்தால் இது உதவாது; மெதுவாகப் போகப் போக அதில் மாட்டிக்கொள்ளும் நேரம்தான் நீளும். புதிதாக ஓவர்ஹால் செய்த (முழுதாகப் பிரித்துச் சீரமைத்த) எஞ்சினுக்கும் வேண்டாம், பழகும் வரை அதற்கு அதிக பவர் தேவை. அப்புறம், தரையிறங்கும்போது ஒரு மணி நேர எரிபொருளாவது மிஞ்சாது என்று தெரிந்தால், யோசிக்காமல் வழியில் இறங்கி நிரப்பிவிடுங்கள்.