கூட்டி ரெண்டால வகுத்தா மைய மதிப்பு வந்துடுமா?

தொகுத்த அட்டவணைல 20-30 மாதிரி ஒரு பிரிவோட மைய மதிப்பு, அதாவது மிட் பாயின்ட், கண்டுபிடிக்கிறதுல என்ன இருக்கு, கீழ் எல்லை மேல் எல்லை ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா டியூஷன்ல பேப்பர் திருத்தும்போது பாத்தா சராசரி கணக்குல பாதி பேர் சறுக்குறது இங்கதான்.

சில பேர் கூட்டுறதுக்கு பதிலா கழிச்சிடுறாங்க. 20-30 பிரிவுக்கு 5ன்னு எழுதி வெச்சிருப்பாங்க. அது அகலத்துல பாதிதான், மைய மதிப்பு 20க்கும் 30க்கும் நடுவுல இருக்க வேணாமா? 25.

இது சின்ன தப்பு, உடனே கண்ணுல பட்டுடும். கண்ணுல படாதது ஒண்ணு இருக்கு. 0-4, 5-9, 10-14ன்னு மூணு பிரிவு, நிகழ்வெண், அதாவது ஒவ்வொரு பிரிவுலயும் எத்தனை பேர்ங்கறது, 12, 6, 2ன்னு வெச்சுக்கோங்க. இது 20 பசங்க எத்தனை நாள் லீவு போட்டாங்கங்கற கணக்குன்னா, நாளை எண்ணித்தான் சொல்றோம், நாலரை நாள்னு யாருக்கும் வராது. அப்போ மைய மதிப்பு 2, 7, 12. ஒவ்வொண்ணையும் அதோட நிகழ்வெண்ணால பெருக்கி கூட்டினா 90, சராசரி 90/20, அதாவது 4.5. இதே அட்டவணை அந்த பசங்களோட வயசுன்னா? நாம வயச முடிஞ்ச வருஷத்துலதான் சொல்றோம், நாலு வருஷம் பதினோரு மாசம் ஆன குழந்தையும் 4தான். அதனால 0-4ங்கறது நிஜத்துல 0 முதல் 5 வரைக்கும். மைய மதிப்பு 2.5, 7.5, 12.5, சராசரி 5. நம்பர் ஒண்ணுகூட மாறல, விடை அரை வருஷம் தள்ளிப்போச்சு.

வயசுக்கு இப்படின்னா நீளத்துக்கும் இப்படித்தானான்னு கேப்பீங்க. பக்கத்து முழு சென்டிமீட்டருக்கு முழுமையாக்கி எழுதின 10-19ன்னா நிஜ எல்லை 9.5-19.5, ரெண்டு பக்கமும் அதே அளவு நகருது, அதனால மைய மதிப்பு எப்படி போட்டாலும் 14.5தான். ஆனா இடைநிலை (மீடியன்), முகடு (மோட்) கேட்டா சூத்திரத்துல கீழ் எல்லை வரும், அதுக்கு 9.5 வேணும், அத மறந்துடாதீங்க. அப்புறம் இதே 10-19 லீவு நாள் கணக்குல வந்தா, 14.5ஐ பாத்து 'அரை நாள் எப்படி சார் வரும்'னு 15 ஆக்குறவங்களும் உண்டு, ஆக்க வேணாம், அது யாரும் எடுத்த லீவு இல்ல, பிரிவுக்கு ஒரு பிரதிநிதி, அவ்ளோதான்.

படி விலக்க முறைல, அதாவது ஒரு மைய மதிப்ப ஊகச் சராசரியா வெச்சு, மத்ததோட விலகல பிரிவோட அகலத்தால வகுத்து சராசரி காணுற முறைல, இன்னொரு குழி. 0-4க்கு அகலம் 4ன்னு போட்டுடுவாங்க. 0, 1, 2, 3, 4 எண்ணிப் பாருங்க, அஞ்சு. பக்கத்து பக்கத்து மைய மதிப்போட வித்தியாசத்த எடுத்தா, 7-2, தப்பவே தப்பாது. லீவு கணக்குல ஊகச் சராசரி 7ன்னு வெச்சு அகலம் 4 போட்டா 4.5க்கு பதிலா 5 வந்து நிக்கும், வயசு கணக்கோட விடையும் அதுவேங்கறதால சரின்னே நினைச்சிடுவீங்க.

அகலம் ஒரே மாதிரி இல்லாத அட்டவணைல, 0-10, 10-20, 20-50ன்னு வரும்போது 5, 15, 25ன்னு பத்து பத்தா கூட்டிட்டு போகாதீங்க, கடைசி 35. '50க்கு மேல்'னு முடிஞ்சா மேல் எல்லையே கிடையாது, வழக்கமா முந்தின பிரிவோட அகலத்தையே எடுத்துக்குவாங்க, அப்படி எடுத்திருக்கேன்னு ஒரு வரி எழுதிட்டு கணக்க போடுங்க.