குட்டை ஜீப்பில் கேரவன் இழுப்பவர்களுக்கு

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிறுத்தி வைக்கப்படும் பேருந்துதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது அதுவன்று. எஞ்சின் இல்லாமல், பெரும்பாலும் ஒரே அச்சில் இரண்டு சக்கரங்களோடு, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. மஹிந்திராவின் மூன்று கதவுத் தாரும் மாருதியின் பழைய ஜிப்ஸியும் காட்டுப் பாதையில் வளைந்து நெளிந்து போவதற்கு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள குறைந்த தூரமே முதற்காரணம். ஜிப்ஸியில் அது 2,375 மி.மீ., தாரில் 2,450 மி.மீ. பின்னால் பாரத்தை மாட்டியவுடன் இந்தக் குட்டைத்தனமே வண்டியின் பலவீனமாகிவிடுகிறது.

காரணம் எளிய நெம்புகோல் கணக்கு. கேரவனை மாட்டும் கொக்கி ஜீப்பின் பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கேரவன் பக்கவாட்டில் 100 கிலோ விசையோடு தள்ளும்போது, தார் திரும்பிவிடாமலிருக்க அதன் முன்சக்கரங்கள் ஏறத்தாழ 37 கிலோ எதிர்விசை காட்ட வேண்டும். 2,850 மி.மீ. இடைவெளி கொண்ட ஐந்து கதவுத் தார் ராக்ஸில் அதே கணக்கு 32 கிலோவுக்குள் முடிந்துவிடும். எனவே கொக்கியைப் பொருத்தும்போது, பின்கதவில் தொங்கும் உதிரிச் சக்கரத்துக்கு வழிவிட வேண்டும் என்பதற்காக அதைத் தேவைக்கு மேல் பின்னால் நீட்டக் கூடாது. அதைப் பம்பரில் பற்றவைப்பதும் தவறு. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)ஆம் பிரிவு டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. ஆகவே கேரவனுக்கு அதற்கென்று பதிவும் எண் பலகையும் காப்பீடும் தேவை, ஜீப்பின் ஆர்.சி. புத்தகம் அதற்கும் சேர்த்துச் செல்லாது. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டறையில் சொந்தமாகச் செய்துகொள்ள நினைப்பவர்கள், தகடு வெட்டுவதற்கு முன்பே, அந்த வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். ஜீப்பில் கொக்கி மாட்டுவதையும் அப்போதே சேர்த்துக் கேட்பது நல்லது. பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாமல் இரவில் போகும் கரும்பு டிராக்டர்களை நம் ஊரில் பார்த்துப் பழகியவர்கள், அதுதான் வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி எடைக்கு வருவோம். வண்டித் தயாரிப்பாளர் கையேட்டில் இழுவை எடை குறிப்பிட்டிருந்தால் அதுவே உச்சவரம்பு. இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்காமல் இழுக்கக் கூடாது. பிரிட்டனில் கேரவன்காரர்கள், சாமான்கள் ஏற்றிய கேரவனின் எடை ஜீப்பின் வெற்றெடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கொள்வார்கள். குட்டை வண்டிக்கு அதுவும் அதிகம் என்பது என் கருத்து. 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன். 1,700 கிலோ ஜீப்புக்கு அது 1,190 கிலோ. எடைமேடையில் கேரவனை மட்டும் கழற்றி நிறுத்தி, தண்ணீர், கேஸ், பாத்திரம், படுக்கை எல்லாவற்றோடும் எடை போட வேண்டும். “தேங்காயாங்க, மக்காச்சோளமாங்க?” என்று மேடைக்காரர் கேட்டால் பொறுமையாக விளக்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சட்டம் என்ன சொன்னாலும் அந்த எல்லையை நாமும் பின்பற்றலாம்.

மொத்த எடையைவிட முக்கியமானது, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. மாட்டு வண்டி ஓட்டியவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். முன்பாரம் மிகுந்தால் மாடு திணறும். கேரவனுக்கும் இதே கதைதான். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 1,000 கிலோ கேரவனுக்கு 50 முதல் 70 கிலோ. இதை அளக்க, சமதளத்தில் கேரவனின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கொக்கி வழக்கமாக இருக்கும் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, அதன் ஒரு முனையைக் குளியலறை எடைக்கருவியின் மேலும் மறுமுனையைக் கேரவனின் மூக்குக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனைக்கு, அடியிலும் வைத்தால் போதும். இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்களைப் பின்மூலையில், அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் வைத்துப் பாருங்கள். அச்சிலிருந்து கொக்கி 3.5 மீட்டர் தள்ளி இருந்தால், எடைக்கருவியில் சுமார் 23 கிலோ குறைந்துவிடும். அதாவது 60 காட்டியது 37 காட்டும். அதே கேன்களை அச்சுக்கு நேர்மேலே வைத்தால் முள் அசையாது. கனமான சாமான்களை அச்சின் மேலோ அதற்குச் சற்று முன்னாலோ, தரையோடு தரையாக வைக்க வேண்டும்.

தூக்கி வைத்த ஸ்பிரிங், சேற்று டயர் ஆகியவற்றோடு இழுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜீப் உயர்ந்தால் கேரவனின் மூக்கும் உயரும். கேரவன் மட்டமாகவோ சற்றே குனிந்தோ நிற்க வேண்டும். தேவைப்பட்டால், கேரவனின் மூக்கு உட்காரும் கொக்கிப் பந்தைத் தாழ்த்தும் இரும்பைப் பொருத்திக்கொள்ளலாம். கொக்கி மாட்டியபின் பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்கே மாட்ட வேண்டும். கேரவன் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கை இழுக்கும் கம்பியையும் விளக்குகளையும் ஒருவரைப் பின்னால் நிறுத்திச் சரிபார்க்கவும்.

கொங்கு நாட்டில் இழுப்பவர்கள் கூடுதலாகக் கணக்கில் கொள்ள வேண்டியது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றுக்காகத்தான் உடுமலையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கோவை–பொள்ளாச்சி, பல்லடம்–உடுமலை போன்ற வடக்கு–தெற்குச் சாலைகளில் அது கேரவனின் பக்கச் சுவரில் நேராக அறையும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கேரவன் அம்மியைவிட எளிதில் பிடிபடும். அந்த மாதங்களில் விடியற்காலையில் கிளம்பி, 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் போவதே நல்லது. பெரிய லாரி முந்தும்போதும் இதே தள்ளுமுள்ளு இருக்கும்.

கேரவன் வாலாட்டத் தொடங்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்க முயல்வதும், ஜீப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஆட்டத்தை வளர்த்துவிடும். மின்பிரேக் உள்ள கேரவனாக இருந்தால், அதை மட்டும் கையால் இயக்கி இழுத்துப் பிடிக்கலாம். ஆட்டம் அடங்கியபின் ஓரமாக நிறுத்தி, சாமான்களை மாற்றி அடுக்காமல் மறுபடி கிளம்பக் கூடாது.

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கும், 40 வளைவுகள் கொண்ட வால்பாறைக்கும் கேரவனை ஏற்ற வேண்டாம்; காரவள்ளியிலோ ஆழியாறிலோ பாதுகாப்பான இடம் பார்த்து விட்டுவிட்டு ஜீப்பில் மட்டும் போய்வரலாம். சாதாரண இறக்கங்களில், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில், பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தைப் போடக் கூடாது. முன்பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். அந்த இயக்கம் தோட்டத்து மண்ணில் ஏறி இறங்குவதற்கு உரியது.

முதல் 50 கிலோமீட்டரில் எங்கேனும் டீக்கு நிறுத்தும்போது, கேரவனின் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டு செல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஒரு பக்கம் மட்டும் கை நெருங்க முடியாமல் கொதித்தால், அங்கே பேரிங்கோ பிரேக்கோ இறுகியிருக்கிறது, வண்டி அங்கேயே நிற்க வேண்டும்.