வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் உடனே படத்தைத் திருத்தாதீர்கள்

ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து 140 படங்களுக்கு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சமன்செய்வது) மாற்றியவன் நான். எல்லாப் படத்திலும் வெள்ளை லேசாகப் பழுத்திருந்தது. எடிட்டரில் திறந்தாலும் அதே பழுப்பு. சரி, கேமராதான் சொதப்பியிருக்கிறது என்று நீலத்தை ஏற்றிக்கொண்டே போனேன். காலையில் தங்கையின் போனுக்கு நாலு படம் அனுப்பினால், "என்னண்ணா, எல்லார் முகமும் குளிர்ல விறைச்ச மாதிரி இருக்கு?" என்றாள். படங்களில் ஒரு குறையும் இல்லை. மானிட்டருக்கு உரிய புரொஃபைல்தான், அதாவது அந்தத் திரை நிறம் காட்டும் விதத்தைச் சொல்லும் சிறு கோப்புதான், கெட்டிருந்தது. வியூவரும் (படம் பார்க்கும் மென்பொருள்) எடிட்டரும் ஒரே மாதிரி காட்டியதால் நம்பிவிட்டேன். இரண்டுமே அந்த ஒரே புரொஃபைலைக் கேட்டுத்தான் நிறம் காட்டின என்பது அப்போது உறைக்கவில்லை.

படக் கோப்பில் இருப்பது நிறம் இல்லை, எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் முறையே 200, 40, 40 என்றால் ஒரு சிவப்பு. ஆனால் எந்தச் சிவப்பு என்பதைக் கோப்போடு ஒட்டியிருக்கும் ஐசிசி புரொஃபைல்தான் சொல்லும். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரையறையில் அது ஒரு சிவப்பு, அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வரையறையில் அதைவிட அடர்ந்த சிவப்பு. இன்னொரு பக்கம், உங்கள் மானிட்டர் எந்த எண்ணுக்கு எந்த நிறம் காட்டும் என்பதை மானிட்டர் புரொஃபைல் சொல்கிறது. நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது வியூவரின் வேலை. மேக்கில் இதைப் பெரும்பாலும் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் வழக்கமாக ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்தாக வேண்டும். செய்யாத மென்பொருள்கள் நிறைய.

அதனால் முதல் கேள்வி: கோளாறு எல்லா மென்பொருளிலும் தெரிகிறதா, சிலவற்றில் மட்டுமா? டெஸ்க்டாப், பிரவுசர், வியூவர் எல்லாமே மஞ்சள் என்றால், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். எங்கேயும் கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால் எச்டிஎம்ஐ இணைப்பு 16 முதல் 235 வரையிலான குறுகிய அளவில் போகிறதா என்று கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் புரொஃபைலுக்கும் சம்பந்தம் இல்லை.

சிலவற்றில் மட்டும் வெள்ளை மஞ்சள் என்றால் என் கேஸ்தான். இதை ஐந்து நிமிடத்தில் நிரூபிக்கலாம். பெயிண்டில் தூய வெள்ளைச் சதுரம் ஒன்றைச் சேமித்து, சந்தேகமான வியூவரில் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை மறுபடி பெயிண்டில் ஒட்டி, கலர் பிக்கரால் வெள்ளையைத் தொட்டு எண்ணைப் பாருங்கள். ஒழுங்கான மானிட்டர் புரொஃபைல் இருந்தால் வெள்ளை 255, 255, 255 ஆகவே திரைக்குப் போகும். புரொஃபைல் முறையில் வெள்ளை வெள்ளையோடு பொருத்தப்படுகிறது. எனக்கு வந்தது 255, 250, 232 மாதிரி ஒன்று. அப்புறம் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மானிட்டர் டிரைவரோடு ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்த புரொஃபைல் அது.

மாற்றும் வழி: விண்டோஸ் தேடலில் கலர் மேனேஜ்மெண்ட் என்று தட்டி, டிவைசஸ் பக்கத்தில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் ஐடென்டிஃபை பொத்தானை அழுத்தி எது 1, எது 2 என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான திரைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். "இந்தச் சாதனத்துக்கு என் அமைப்புகளைப் பயன்படுத்து" என்ற பொருள் வரும் கட்டத்தை டிக் செய்து, ஆட் அழுத்தி, எஸ்ஆர்ஜிபி ஐஇசி 61966-2.1 என்பதைச் சேர்த்து, அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். பழையதை நீக்கிவிடலாம். வியூவரை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

ஆனால் இது தற்காலிகக் கட்டு. மானிட்டருக்கு எஸ்ஆர்ஜிபி என்று வைத்தால், "என் திரை எஸ்ஆர்ஜிபி மாதிரியே நடக்கும்" என்று வியூவருக்குச் சொல்கிறோம். சாதாரண மானிட்டரில் அது கிட்டத்தட்ட உண்மை. எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்கள் காட்டும், அகன்ற நிற வீச்சுள்ள மானிட்டரில் பச்சைப் பொய். அங்கே மானிட்டரின் சொந்த மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பொய் உண்மையாகிவிடும். முழு வீச்சும் வேண்டுமென்றால் திரையின் நிறத்தை அளக்கும் கேலிபிரேட்டர் கருவியை வைத்து அளப்பதுதான் வழி. அது கேட்கும் இலக்குகள்: வெள்ளை 6500 கெல்வின், காமா (நடுத்தர நிறங்களின் வெளிச்ச அளவு) 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 அல்லது 120 கேண்டெலா. புரொஃபைல் வகை கேட்டால் பதிப்பு 2, மேட்ரிக்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். பதிப்பு 4-ஐயும் அட்டவணை வகையையும் சரியாகப் படிக்காத வியூவர்கள் உண்டு. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த புரொஃபைலை எடுத்துப் போடாதீர்கள். அது அவர் வீட்டுத் திரையின் அளவு, உங்களுடையது இல்லை.

வெள்ளை சரியாக இருக்கிறது, ஆனால் சிவப்பு எரிகிறது, முகமெல்லாம் வெயிலில் வெந்த மாதிரி இருக்கிறது என்றால், அகன்ற வீச்சுத் திரையில் நிற மேலாண்மை (புரொஃபைலைப் பார்த்து நிறத்தை மாற்றும் வேலை) இல்லாத வியூவர் ஓடுகிறது. பல வியூவர்களில் அந்த வசதி அணைந்தே கிடக்கும். அதை இயக்கும் இடம், ஃபாஸ்ட்ஸ்டோனில் அமைப்புகளுக்குள் சிஎம்எஸ் பக்கம். இர்ஃபான்வியூவில் ஜூம் மற்றும் கலர் மேனேஜ்மெண்ட் பக்கம், அதற்குச் செருகுநிரல்களும் நிறுவியிருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாகப் புரொஃபைல் ஒட்டிய படங்களை மட்டுமே கவனிக்கும். உள் அமைப்புப் பக்கத்தில் (about:config) கலர் மேனேஜ்மெண்ட் மோடு என்பதன் மதிப்பு 2 ஆக இருக்கும். அதை 1 ஆக்கினால் ஒட்டாதவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு படம் மட்டும் சோகையாக, உயிரில்லாமல் தெரிந்தால் கோப்பைப் பாருங்கள். பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறதா? கேனானில் ஐஎம்ஜி என்று வர வேண்டியதில் முதல் எழுத்து போய் அடிக்கோடு நின்றால், அது அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படம். பிராப்பர்ட்டீஸில் நிறக் குறிப்பு 'அன்கேலிபிரேட்டட்' என்று இருப்பதும் இதைத்தான் காட்டும். அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டினால் நிறம் வெளிறத்தான் செய்யும்.

திருத்தும்போது எடிட்டரில் இரண்டு கட்டளைகள் கண்ணில் படும்: அசைன், கன்வெர்ட். 10 அடியை 3.05 மீட்டர் என்று எழுதுவது கன்வெர்ட். 10-க்குப் பக்கத்தில் 'அடி'யை அடித்துவிட்டு 'மீட்டர்' என்று எழுதுவது அசைன். இப்படி அடோபி ஆர்ஜிபியில் எடுத்து, புரொஃபைலே ஒட்டாமல் வந்த கோப்புக்கு முதலில் அதன் உண்மையான நிற வரையறையை, அதாவது அடோபி ஆர்ஜிபியை, அசைன் செய்யுங்கள். பிறகு எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் செய்து, சேமிக்கும்போது புரொஃபைலை ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியே வந்திருந்தால் கன்வெர்ட் மட்டும் போதும்.

ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) திறந்ததும் பளிச்சென்று தெரிந்து ஒரு நொடியில் மங்கிப்போகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் தெரிவது கேமரா உள்ளே வைத்த ஜேபெக் முன்னோட்டம், பிறகு வருவது மென்பொருள் தானே சமைத்தது. இதற்கு எந்தப் புரொஃபைலையும் தேடி அலைய வேண்டாம்.

அந்த 140 படங்களின் மாற்றங்களையும் ரத்து செய்ய ஒரே கட்டளை போதுமானதாக இருந்தது, நல்லவேளை மூலக் கோப்புகளின் மேல் சேமிக்கவில்லை. வெள்ளைச் சதுரம் இன்னும் என் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. டிரைவர் அப்டேட் ஆன மறுநாள் அதைத்தான் முதலில் திறக்கிறேன்.