பழைய வேன்ல ஹீட்டர் ஒருவழியா சரியாச்சு
ஐடில்ல (வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடறப்ப) குளுந்த காத்துதான் வரும், ஆக்ஸிலேட்டர் மிதிச்சா மட்டும் லேசா சூடாகும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தற வால்வு) மாத்தினேன், ஹீட்டர் கோரை (இன்ஜின்லேருந்து வர்ற சூடான கூலன்ட் ஓடற குட்டி ரேடியேட்டர்) அலசினேன், நாலு நாள் வேஸ்ட். அப்புறம்தான் கவனிச்சேன், ஸ்டார்ட் பண்ணினதும் டாஷ்போர்டுக்குப் பின்னாடி களக்களக்னு சத்தம், ஒரு நிமிஷம்தான், கூலன்ட் லைனுக்குள்ள காத்து அடைச்சிருக்கு. பின்சீட்டு ஹீட்டருக்குப் போற இரும்பு பைப் துருப்பிடிச்சு கூலன்ட் கசிஞ்சிருக்கு, அதனாலதான் காத்து புகுந்திருக்கு, ஆனா சூட்டுல உடனே காஞ்சுடறதால கீழ சொட்டே இல்ல, ஜாயிண்ட்ல வெள்ளைப் பொடி மட்டும் (இதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க). பின் ஹீட்டரை நாங்க போடறதே இல்ல, அதனால அந்த லைனையே கழட்டிட்டு முன்னாடி டீ ஜாயிண்டையும் (லைன் ரெண்டாப் பிரியற T வடிவ இணைப்பு) எடுத்துட்டு நேரா ஹோஸ் போட்டேன். இன்ஜின் நல்லா ஆறினப்புறம் வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி, ரேடியேட்டர் மூடியத் தொறந்து, ஹீட்டர் நாப் ஃபுல் சூட்டுல வெச்சு ஸ்டார்ட் பண்ணி, குமிழி நிக்கிற வரைக்கும் கூலன்ட் ஊத்தினேன். இப்ப ஐடில்லயே நல்ல சூடு, நிம்மதி.