சிறுகதையும் நகரச் சுகாதார ஆய்வும்: இரண்டையும் எழுதுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகலில் கேள்வித்தாளுடன் வீடு வீடாக ஏறி இறங்கி, இரவில் சிறுகதை எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. மற்ற எழுத்தாளர்கள் கற்பனை செய்ய வேண்டியதை அவர் நேரிலேயே கேட்டுவிடுகிறார். தண்ணீர் வராத நாளில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், காசநோய் மாத்திரையை வீட்டாருக்குத் தெரியாமல் எங்கே ஒளித்துவைத்தார்கள் என்பதெல்லாம் தானாக வந்து காதில் விழுகிறது. தவறுகளில் பாதி இந்த வசதியிலிருந்துதான் முளைக்கின்றன.

மிக மோசமான தவறு, ஆய்வுக்காகச் சொன்னதைக் கதைக்கு எடுத்துக்கொள்வது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குத்தான் சம்மதிக்கிறார். அந்தச் சம்மதம் சிறுகதைத் தொகுப்பு வரை நீளாது. ‘பெயரை மாற்றிவிட்டேனே’ என்பது பதிலாகாது. பெயர் நீக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் இருந்தால், வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணினி ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 1990களில் அமெரிக்காவில் காட்டினார். கதையோ அதைவிடத் தாராளமாகக் கொடுக்கிறது: பேசும் விதம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, கையில் பழைய தழும்பு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது பத்தியிலேயே ஆளைக் கண்டுகொள்வார். கதைக்கு உயிர் கொடுக்கும் அதே நுணுக்கம்தான் காட்டியும் கொடுக்கிறது.

எனவே இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொள்ளுங்கள். கதைக் குறிப்பேட்டில் உங்கள் சலிப்பு, உங்கள் கூச்சம், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தோன்றியவை எல்லாம் போகலாம். பதில் சொன்னவருடைய வாக்கியம் போகக் கூடாது. அந்த வாழ்க்கையையே எழுதியாக வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவிடம் சொல்லிவிட்டு, பிறகு அவரிடம் தனியாகக் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். இப்படி ஒரு கதையை நானும் இழந்திருக்கிறேன். வருத்தம் இன்னும் தீரவில்லை.

மருத்துவராகவும் சிறுகதையாளராகவும் இருந்த ரஷ்யாவின் செகாவ், 1890இல் அந்நாட்டின் சகாலின் தீவிலிருந்த தண்டனைக் குடியேற்றத்துக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். சுமார் 10,000 பேரைப் பற்றிய விவர அட்டைகளைச் சேர்த்தார். அத்தனை பேரும் கதைமாந்தர்களாகத் தெரிந்திருக்க மாட்டார்களா? ஆனாலும் அவர் எழுதியது உணவு, இருப்பிடம், நோய், இறப்பு பற்றிய நூலைத்தான். அந்தப் பயணத்தின் சாயல் படிந்த கதைகள் ஒரு சிலவே.

அடுத்த தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. கதையாசிரியரின் ருசி ஆய்வுக்குள் புகுந்துவிடுகிறது. விதிவிலக்கான மனிதரைக் கண்டால் அவருக்கு மனம் துள்ளும். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவையும் அதே நோயால் இறந்தார். சோஹோவின் பிராட் தெரு பம்பின் தண்ணீர்ச் சுவை பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். முழுக்கதையும் தயாராக இருக்கிறது. ஆனால் மருத்துவர் ஜான் ஸ்னோ அவரை ஒரு சோதனையாகப் பார்த்தார். அந்தத் தெருவின் காற்றைச் சுவாசிக்காமல் தண்ணீரை மட்டும் குடித்தவர் இறந்திருக்கிறார் என்றால், கெட்ட காற்றால் காலரா வருகிறது என்ற வாதம் ஆட்டம் காண்கிறது. அதே தெருவில் பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பியது ஏன் என்றும் விசாரித்தார். அவர்கள் குடித்தது பீர். ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்தது. கதையாசிரியர் விதவையோடு நின்றுவிடுவார். ஸ்னோ ஆலைக்கும் போனார்.

அறுபது பேரிடம் பேசிவிட்டு, அழகாகப் பேசிய ஒருவரை மட்டும் அறிக்கையில் நான்கு இடங்களில் மேற்கோள் காட்டுவது இந்த ருசியின் வேலைதான். ‘தெரியாது’, ‘ஆமாம்’ என்று முடித்துக்கொண்டவர்கள் காணாமல் போகிறார்கள். அனுப்புவதற்கு முன் யாருடைய வார்த்தை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கதைமாந்தரை ஆய்வு முடிவைப் பேசவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ‘காற்றோட்டமற்ற குடியிருப்புகளில் காசநோய் எளிதில் பரவும்’ என்று ஒரு மூதாட்டி சொன்னால் கதை அங்கேயே செத்துவிடும். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரிகிறது என்று அவர் முணுமுணுக்கட்டும்.

ஒரு வேலையை இன்னொரு வேலையிடமிருந்து மறைப்பதும் வீண் சிரமம். அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளரும் எழுத்தாளருமான டு பாய்ஸ், பிலடெல்பியா நகரின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு 1899இல் நூலாக வந்தது. கறுப்பின மக்களின் கூடுதல் இறப்புக்கு அவர்கள் வாழ நேர்ந்த நிலைமைகளை அது காரணமாகக் காட்டியது. 1903இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் ஒரு சிறுகதையையும் சேர்த்தார். 1906இல் கறுப்பின மக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வைத் தொகுத்தார். 1920இல் வால்நட்சத்திரம் பற்றிய கதை. எல்லாம் ஒரே பெயரில்தான்.

நேரப் பங்கீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆய்விதழிலிருந்து திருத்தக் குறிப்புகள் வந்திருக்கும் வாரத்தில் கதையைத் தொடாதீர்கள். அந்த வாரம் எழுதும் உரையாடல்களில், கோபத்தில் கத்துபவர்கள்கூட ‘எனினும்’ என்று தொடங்குவார்கள்.