பாதியில் நின்ற ரஞ்சி சீசனை விடாமல் பார்ப்பது எப்படி: பெங்களூரு தமிழ் ரசிகர்களுக்கு

சீசன் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்ததும் பலரும் மாநில அணிகள் நாள் கணக்கில் ஆடும் ரஞ்சி கோப்பையை அத்தோடு மறந்துவிட்டு ஐபிஎல்லுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். துண்டு துண்டாக நடக்கிற சீசனில்தான் ஒவ்வொரு செஷனுக்கும் மதிப்பு கூடுகிறது, அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் முழு சீசனைவிட மனதில் நிற்கும். நான் அல்சூரில் இருக்கிறேன், தமிழ்நாடு ஆடினாலும் கர்நாடகா ஆடினாலும் கிளம்பிவிடுவேன், இரண்டும் மோதினால் மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம்.

முதல் வேலை, அட்டவணையைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்வது. மாற்றம் அறிவித்தால் பழையதைத் தூக்கிப் போடாமல் அதன் மேலேயே அடித்து எழுதுங்கள். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் 2021-22 சீசன் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது: ஜனவரி 13 என்ற தேதியின் மேல் நீல பேனாக் கோடு, பக்கத்தில் பிப்ரவரி 17, காலிறுதிக்கு நேராகச் சிவப்பில் ஜூன். கொரோனா மூன்றாம் அலையில் தொடக்கம் தள்ளிப்போய், லீக் ஆட்டங்களை பிப்ரவரி, மார்ச்சில் முடித்து, நடுவில் ஐபிஎல்லுக்கு வழிவிட்டு, நாக் அவுட்டை ஜூனில் பெங்களூருவில் நடத்திய சீசன் அது. தேதிகளைவிட அந்தத் தாளில் பார்க்க வேண்டியது, ஒரு அணிக்கு எத்தனை லீக் ஆட்டம் மிச்சம் என்பது. 2019-20-ல் ஏ, பி பிரிவு அணிகளுக்கு 8 ஆட்டங்கள் இருந்தன, 2021-22-ல் எலைட் எனப்படும் மேல்வரிசை அணிகளுக்கு வெறும் 3.

அடுத்து, என்ன வகைத் தடங்கல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சீசனே ரத்து என்றால் செய்ய ஒன்றும் இல்லை, 2020-21-ல் அதுதான் நடந்தது, 1934-ல் தொடங்கிய போட்டி நடக்காமல் போனது அதுவே முதல் முறை. பார்வையாளர்களுக்கு மட்டும் தடை என்றால் ஸ்கோர்கார்டோடு உட்கார வேண்டியதுதான். 2020 மார்ச்சில் ராஜ்கோட்டில் சௌராஷ்டிரா பெங்காலை முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் ஜெயித்து முதல் கோப்பையைத் தூக்கிய கடைசி நாளில் ஸ்டாண்டுகள் காலி. மூன்றாவது, ஒரு சில ஆட்டங்கள் மட்டும் கெட்டுப்போவது. 2016 நவம்பரில் டெல்லியில் புகைமூட்டத்தால் பெங்கால்-குஜராத், ஹைதராபாத்-திரிபுரா இரண்டு ஆட்டங்களிலும் அந்தச் சமயம் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. நம்ம ஊரில் இந்த வேலையைச் செய்வது மழை.

இப்போது புள்ளிக் கணக்கு, இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். முழு வெற்றிக்கு 6 புள்ளி, இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ 10 விக்கெட் வித்தியாசத்திலோ ஜெயித்தால் கூடுதலாக 1. ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலை எடுத்தவருக்கு 3, மற்றவருக்கு 1. முதல் இன்னிங்ஸே முடியவில்லை என்றால் ஆளுக்கு 1. எட்டு ஆட்டம் இருக்கும்போது மூன்று மூன்றாகச் சேர்த்தே மேலே வரலாம், மூன்று ஆட்டத்தில் அது நடக்காது. தமிழ்நாட்டின் 2021-22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்கு எதிராக ஷாருக் கான் 194 அடித்து முன்னிலை வாங்கிக் கொடுத்தார், 3 புள்ளி. சத்தீஸ்கருக்கு எதிராகவும் முன்னிலை, இன்னொரு 3. கடைசியில் ஜார்க்கண்டிடம் 2 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். ஜார்க்கண்ட் சத்தீஸ்கரிடம் தோற்ற அணிதான், ஆனால் நம்மையும் டெல்லியையும் முழுசாக ஜெயித்து 12 புள்ளியோடு மேலே போய்விட்டது, பிரிவில் முதலிடத்துக்கு மட்டுமே வாய்ப்பு என்பதால் நாம் வெளியே. அந்த இரண்டு டிராக்களையும் நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஆகவே, ஆட்டங்கள் குறைந்த சீசனில் நீங்கள் கண் வைக்க வேண்டிய நேரம் மூன்றாம் நாள் தேநீர் இடைவேளைக்குப் பிறகு. முன்னிலை எடுத்த கேப்டன் எப்போது டிக்ளேர் செய்து தன் இன்னிங்ஸை முடித்துக்கொள்கிறார், கடைசி நாளான நான்காம் நாள் எதிரணிக்கு எத்தனை ஓவர் விட்டுவைக்கிறார், 3 புள்ளி போதும் என்று இழுக்கிறாரா என்று பாருங்கள். ஆபிசில் அரை நாள் லீவுதான் கிடைக்கும் என்றால் முதல் நாள் காலையில் வீணாக்காமல் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகள் சமமாகும்போது கோஷன்ட் என்று ஒன்று எட்டிப்பார்க்கும், பயப்படத் தேவையில்லை. அணி எடுத்த ரன்களை இழந்த விக்கெட்டுகளால் வகுங்கள், கொடுத்த ரன்களை எடுத்த விக்கெட்டுகளால் வகுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். விக்கெட்டுக்கு 30 ரன் எடுத்து 25 கொடுத்த அணிக்கு 1.2. டிரா ஆகப்போகிற ஆட்டத்திலும் கடைசி விக்கெட் ஜோடி உயிரைக் கொடுத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழை ஆட்டத்துக்கு வருவோம். 2024 அக்டோபர் 18-ல் நகரத்துக்கு வெளியே உள்ள ஆலூர் மைதானத்தில் கர்நாடகா-கேரளா தொடங்கியது, கேரளா 3 விக்கெட்டுக்கு 161 எடுத்தது, அதோடு சரி, ஆளுக்கு ஒரு புள்ளி. இப்படிப்பட்ட நாட்களில் வானத்தைப் பார்ப்பதைவிட அம்பயரின் ஷூவைப் பாருங்கள். வெயில் அடித்தாலும் அவர் நேராக பந்துவீச்சாளர் ஓடிவரும் இடத்துக்குப் போய் குதிகாலை அழுத்துவார், புல்லுக்கு நடுவில் தண்ணீர் பளபளவென்று மேலே வந்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு ஆட்டம் கிடையாது, தாராளமாகப் போய் டீ குடிக்கலாம். தரையாட்கள் வாளியும் ஸ்பாஞ்சுமாகக் குந்தி உட்கார்ந்து பிழிய ஆரம்பித்தால் கிட்டத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். சின்னசாமி ஸ்டேடியத்தில் 2017-ல் தரைக்கடியில் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சப்-ஏர் போட்டதிலிருந்து மழை நின்றால் சீக்கிரம் தொடங்கிவிடுகிறார்கள், ஆலூரில் அந்த நம்பிக்கையோடு போகாதீர்கள்.

இரண்டு நாள் போய்விட்டது, இனி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபாலோ ஆன், அதாவது முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கிய அணியை உடனே மறுபடி பேட் செய்யச் சொல்வது, அதன் கணக்கு ஆட்டம் உண்மையில் தொடங்கும் நாளிலிருந்து மிச்சமுள்ள நாட்களைப் பொறுத்தது, நான்கு நாள் ஆட்டத்தில் 150 ரன் முன்னிலை தேவை, முதல் இரண்டு நாளும் மழையில் போனால் 100 போதும். வர்ணனையாளர்களே சில நேரம் இதைத் தாமதமாகச் சொல்வார்கள், நீங்கள் முதலிலேயே கணக்குப் போட்டு வையுங்கள். இரண்டாவது, 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் ஆடிய முதல் ரஞ்சி ஆட்டமே ஒரே நாளில் முடிந்தது, ராம் சிங் 11 விக்கெட். ஈரம் காய்கிற பிட்ச் என்றால் இரண்டு நாள் ரொம்ப அதிகம்.

நாக் அவுட்டில் பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைதான் எல்லாம். ஆலூரில் ஒற்றைப் புள்ளியோடு போன அதே கேரளா அந்த சீசனின் காலிறுதியில் ஜம்மு காஷ்மீரை 1 ரன் முன்னிலையிலும் அரையிறுதியில் குஜராத்தை 2 ரன் முன்னிலையிலும் தாண்டி முதல் முறையாக இறுதிக்குப் போனது. அதனால் இரு அணிகளின் முதல் இன்னிங்ஸும் முடியும்வரை கண்ணை எடுக்காதீர்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சீசன் சுருங்கினால் வீரர்களின் வருமானமும் சுருங்குகிறது, ஐபிஎல் ஒப்பந்தம் இல்லாதவருக்கு ஆட்டக் கட்டணம்தான் சோறு. 2020-21 ரத்தானதற்கு முந்தைய சீசன் ஆடியவர்களுக்கு ஆட்டக் கட்டணத்தில் 50 சதவீதத்தை இழப்பீடாக பிசிசிஐ அறிவித்தது, 2021-லேயே 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு நாளுக்கு 60,000 ரூபாய் என்று உயர்த்தியது. நாள் கணக்கில் சம்பளம், நாட்களே இல்லையென்றால்? இடைவெளி மாதங்களில் நகரத்து லீக் ஆட்டங்களுக்குப் போங்கள், மாநில அணி வீரர்கள் பலர் அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள், பத்துப் பேர் கைதட்டினாலும் அவர்களுக்குக் கேட்கும்.

ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது அணிப் பட்டியலைப் புதிதாகப் பாருங்கள். மூன்று மாத இடைவெளியில் காயம், இந்திய அணி அழைப்பு, ஃபார்ம் எல்லாம் மாறியிருக்கும். மைதானம் எது என்பதையும் முதல் நாள் இரவு மறுபடி சரிபாருங்கள். சின்னசாமி என்றால் கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஆலூர் என்றால் பச்சை வழித்தடத்தில் மாதாவரா வரை போய் அங்கிருந்து ஆட்டோ. குடை, தொப்பி, தண்ணீர், தயிர்சாதம் கையோடு இருக்கட்டும், பக்கத்தில் கடைகளை நம்பாதீர்கள். மாலையில் அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம், காலையில் இறக்கிவிடும் ஆட்டோக்காரரிடமே நம்பர் வாங்கிக்கொண்டு, மழை வந்தால் சீக்கிரமே கூப்பிடுவேன் அண்ணா என்று சொல்லி வையுங்கள்.